சிவமணிக்கு வந்த போன்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகிற காலி வீதியோரம், நிலாம் ஹாஜியாரின் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சபை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பாஸ்டர் ஹியூபேட் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பொய்யென்றும் சொல்ல முடியாது. தொண்ணூற்றைந்தில் நாற்பது கதிரை போட்டுத் தொடங்கிய இடம், தொண்ணூற்றேழு முடியப்போகிற நேரத்தில் படிக்கட்டிலும் ஆள் நிற்கிற இடமாகிவிட்டது. ஆனால் வந்தவர்கள் ஆர்? யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் சண்டைக்குத் தப்பி வந்து, பக்கத்து லொட்ஜுகளில் அறை எடுத்து, விசாவுக்குக் காத்திருக்கிற சனம். விசா வந்தால் அது போய்விடும், அந்தக் கதிரைக்கு வேறு ஆள் வரும். இதற்குப் பெயர் வளர்ச்சியாம். பஸ் ஸ்டாண்டிலும்தான் எந்த நேரமும் கூட்டம் நிற்கிறது, அதை வளருது என்று யாராவது சொல்வார்களா?

சண்டே ஸ்கூலுக்குப் பொறுப்பாயிருந்த பேர்ணடெற்றுக்கு இதை வாய்விட்டுக் கேட்டுவிட ஆசை. கேட்கவில்லை. பாஸ்டருக்கு மனம் நோகும். அதோடு, கேட்டுவிட்டுப் போய் இருக்க அவளுக்கு வேறு இடமும் இல்லை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். துறைமுக ஒபீசில் கிளாக்காயிருந்த புருஷன் நெஞ்சுவலியில் போனபிறகு யாரோ கூப்பிட்டார்கள் என்று இந்தச் சபைக்கு வந்து, இங்கேயே நின்றுவிட்டாள். "மாதாவை விட்டுட்டுப் போனவ எங்களுக்கு எதுக்கு" என்று அக்காமார் இரண்டு பேரும் அன்றோடு கதை பேச்சை நிறுத்திவிட்டார்கள். மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறார்கள். வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பேர்ணடெற்றுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் அவளோடு கதைப்பது ரேடியோ ஒன்றுதான்.

ஆகவே அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த மாடியில் இருந்த பிள்ளைகள். முப்பதாயிருந்தது நூற்று நாற்பதாகிவிட்டது. அதைப் பார்க்கப் பத்து ரீச்சர்மாராவது வேண்டும். சம்பளம் இல்லாத வேலை, மனம் உள்ளவர்கள்தான் வருவார்கள். வந்தவர்களும் லொட்ஜில் இருக்கிற இளம் பெண்பிள்ளைகள்தான். பேர்ணடெற் ஒவ்வொருவரையும் பக்கத்தில் இருத்திப் பழக்குவாள். படத்தை எந்த நேரத்தில் காட்டுவது, எந்த நேரத்தில் மறைத்து வைத்திருப்பது, சின்னதுகளை ஜன்னலோரம் விடாமல் நடுவில் இருத்துவது, பாட்டு முடிந்த கையோடு கதையைத் தொடங்குவது எல்லாம் சொல்லிக் கொடுப்பாள். ஒரு பிள்ளையிடமும் "அப்பா எங்க?" என்று கேட்கக் கூடாது. அது முதல் சட்டம். அப்பா எங்கே என்று தெரியாத பிள்ளைகள் அங்கே பாதிக்கு மேல். இப்படியெல்லாம் பழக்கி, அந்த ரீச்சருக்குக் கை தேர்ந்து, பிள்ளைகளும் ஒட்டிக்கொள்கிற நேரம் பார்த்து விசா வந்து தொலைக்கும்.

விசா வந்தால் சபையில் ஒரு முறை உண்டு. வந்தவர் ஞாயிறு ஆராதனையில் முன்னுக்குப் போய், கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். சபை கைதட்டும். பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். போகிறவர் சண்டே ஸ்கூல் ரீச்சராயிருந்தால், பேர்ணடெற் எழும்பிப் போய் இழுத்துப் பூட்டுகிற சிப் வைத்த பைபிள் ஒன்றைக் கையில் கொடுத்து, கட்டிப்பிடித்து, சிரிக்க வேண்டும். இரண்டு வருசத்தில் பதினொரு தரம் சிரித்துவிட்டாள். பதினொரு பேரில் கடிதம் போட்டது இரண்டு பேர். அதுவும் ஆளுக்கு ஒன்று. குற்றம் சொல்லலாமா? போன இடத்தில் அதுகளுக்கு என்ன பாடோ. ஆனால் அந்த ஞாயிறுகளில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேர்ணடெற் அழுவாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் செத்த வீட்டுக்குப் போய் வருகிற மனுசி என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி இருப்பார்கள்.

பன்னிரண்டாவது ஆள் சிவமணி.

யாழ்ப்பாணத்து நீர்வேலிப் பிள்ளை, நல்ல உயரம். இருபத்தாறு வயது. இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்கும் பிறகு மல்லாவிக்கும் ஓடிய குடும்பம். தாயை மல்லாவியில் விட்டுவிட்டுத் தனியே கொழும்புக்கு வந்தவள். நோர்வேயில் இருக்கிற மாப்பிள்ளை ஒருவரை அண்ணன் அங்கேயிருந்து பேசி ஒழுங்குபண்ணியிருந்தான். படத்தில் பார்த்ததுதான். லொட்ஜ் அறையில் தனியே இருக்கப் பயந்து, ஒருநாள் பாட்டுச் சத்தம் கேட்டு மாடி ஏறி வந்தாள். சைவப் பிள்ளை, வந்த ஆறாம் மாதம் ஞானஸ்நானம் எடுத்தாள். நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தாலும் குரலை உயர்த்த மாட்டாள். இன்னும் குரலைத் தாழ்த்துவாள், என்ன சொல்கிறாள் என்று கேட்க அதுகள் தாமாக அடங்கிவிடும். பேர்ணடெற் பழக்கிக் கொடுத்த வித்தை இல்லை அது.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பிள்ளை பேர்ணடெற்றிடமும் பாசமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் "ரீச்சர்" என்பார்கள். அவள் "அன்ரி" என்பாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது கொட்டாஞ்சேனைக்கு வந்து, மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டு, கோப்பை கழுவி வைத்துவிட்டுப் போவாள். இரண்டு கோப்பை கழுவி வைத்திருப்பதைப் பார்க்கவே பேர்ணடெற்றுக்குச் சந்தோசம். அப்படிப்பட்ட நிலைக்கு வந்திருந்தாள் மனுசி.

இனி அந்தப் போனுக்கு வருவோம்.

லொட்ஜ்காரர்கள் போன் வந்தால் ஆளைக் கூப்பிட மாட்டார்கள். ஆகவே லொட்ஜில் இருக்கிற சபைச் சனம் எல்லாம் எம்பசிப் படிவத்தில் சபையின் நம்பரைத்தான் எழுதிக் கொடுக்கும். பாஸ்டரே சொன்ன ஒழுங்கு அது. போன் வந்தால் எடுத்தவர் எழுதி வைத்து, அன்றைக்கே லொட்ஜுக்கு நடந்து போய் உரிய ஆளிடம் சொல்லிவிட வேண்டும். பேர்ணடெற்றே எத்தனையோ தரம் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வாங்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை காலை. அடுத்த வாரச் சனிக்கிழமை சண்டே ஸ்கூலின் நத்தார் ஒளிவிழா, பிள்ளைகள் கிறிஸ்மஸ் நாடகம் போடுகிற நாள். பாஸ்டர் நுகேகொடைக்கு ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தார். பேர்ணடெற் தனியே சபை ஒபீசில் இருந்து, நிலாம் ஹாஜியார் சும்மா கொடுத்த வெள்ளைத் துண்டுத் துணிகளை மட்டையில் ஒட்டித் தேவதூதர்களுக்குச் செட்டை செய்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. இங்கிலீசில் ஒரு பெண் குரல். எம்பசியிலிருந்து கதைப்பதாகச் சொல்லி, மிஸ் சிவமணி முத்துலிங்கத்தைக் கேட்டது. ஜனவரி பதினான்காம் திகதி கொடுத்திருந்த நேர்முகத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டோம், வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு வரச் சொல்லுங்கள், அன்றைக்கு வராவிட்டால் இனி ஏப்ரலில்தான் என்றது. பேர்ணடெற் "யெஸ், யெஸ், ஐ வில் டெல் ஹேர்" என்றாள். எழுதியும் வைத்தாள். நம்பர், பெயர், செவ்வாய், எட்டரை.

எழுதிய துண்டை எடுத்துக்கொண்டு எழும்பினாள். கதவு வரைக்கும் போனாள். பிறகு திரும்பி வந்து கதிரையில் இருந்தாள்.

ஏப்ரல்.

அந்த ஒரு சொல்தான் அவளைப் பிடித்து இருத்தியது. செவ்வாய்க்கிழமை போனால் நத்தாருக்கு முன் விசா குத்தி விடுவார்கள். போகாவிட்டால் ஏப்ரல். நாலு மாதம்தானே? நோர்வேயும் அங்கேயே இருக்கும், மாப்பிள்ளையும் அங்கேயே இருப்பான். நாலு மாதத்தில் என்ன குடியா முழுகிவிடும்? பிறகு யாரும் கேட்டால், ஒளிவிழா வேலையில் மறந்துபோனேன் என்று சொல்லலாம். வயசுபோன மனுசி, மறக்காதா? துண்டை மடித்து ஹாண்ட்பேக்கின் உள்பைக்குள் வைத்து சிப்பை இழுத்தாள். வைத்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிய சொல்லிடுவன்" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொன்னாள். கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. யாருக்காகச் சத்தமாகச் சொன்னாளோ தெரியாது.

சனிக்கிழமை பின்னேரம் ரீச்சர்மாருடைய கூட்டம். யார் எந்த வகுப்பு, ஒளிவிழாவில் யார் எந்தப் பக்கம் நிற்பது என்று எல்லாம் பிரித்துக் கொடுத்தபிறகு, ஒவ்வொருவராக ஜெபக் குறிப்புச் சொல்வது வழக்கம். ஒருத்தி தாயின் சீனி வருத்தத்தைச் சொன்னாள். ஒருத்தி தம்பியைத் தேடித் தர வேண்டும் என்றாள். சிவமணியின் முறை வந்தது.

"ஜனவரியில என்ரை இன்டர்வியூ நல்லபடி நடக்க வேணும், அன்ரி. எனக்கு இங்கிலீசில கேட்டா நாக்குப் பிரளாது. பயமாக் கிடக்கு."

பொறுப்பானவள் எல்லாவற்றையும் சேர்த்து ஜெபிக்க வேண்டும். பேர்ணடெற் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு வார ஜனவரி மாசம்..." என்று தொடங்கினாள். "ஜனவரி மாசம்..." என்று அதையே திரும்பவும் சொன்னாள். ரீச்சர்மார் அதைப் பரிசுத்த ஆவியானவரின் அசைவு என்று நினைத்து "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார்கள். அட கடவுளே! ஹாண்ட்பேக் அவள் மடியில்தான் இருந்தது. ஜனவரிக்காக ஜெபித்து முடித்தாள். ஆமென்னும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கலாம். அன்றைக்குக் காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது காலி வீதியில் ஒரு லொறிக்கு டயர் வெடித்தது. டமார் என்ற சத்தம். சின்ன வகுப்புப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் பழக்கதோசத்தில் வாங்குப் பலகைகளுக்குக் கீழே பாய்ந்து படுத்துவிட்டார்கள். மற்ற ரீச்சர்மார் "டயர்தான், டயர்தான், எழும்புங்கோ" என்று இழுத்தார்கள். அதுகள் வரவில்லை. சிவமணி சீலையை ஒதுக்கிக்கொண்டு தானும் வாங்குக்குக் கீழே போய்ப் படுத்தாள். அங்கேயே படுத்தபடி, யோனா மீன் வயிற்றுக்குள் மூன்று நாள் என்ன செய்தான் என்ற கதையைத் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் வாங்குக்குக் கீழேயிருந்து சிரிப்புக் கேட்டது. பேர்ணடெற் கதவடியில் நின்று இதைப் பார்த்தாள். இவளையும் விட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்? பிள்ளைகளுக்கு என்று அவள் நினைத்தது பாதி உண்மை. மற்றப் பாதி, இவளையும் விட்டால் எனக்கு ஆர் என்பது. வகுப்பு முடிந்தது. சிவமணி "போயிட்டு வாறன் அன்ரி" என்றாள். "கவனமாப் போங்க மகள்" என்றாள் பேர்ணடெற். அவ்வளவுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மிச்சச் செட்டைகளை ஒட்ட என்று வந்தபோது, கடைக் கதவை உயர்த்திக்கொண்டிருந்த நிலாம் ஹாஜியார் அவளைக் கண்டு ஓடி வந்தார்.

"டீச்சர், கேட்டீங்களா? விடியத்தோட ரவுண்டப். அந்த லொட்ஜ்ல உள்ள புள்ளைகள எல்லாம் பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்க. ஒங்கட அந்த ஒசந்த புள்ளயும் பஸ்ல ஏறினத நான் கண்டன். அழுதுகிட்டே ஏறிச்சு, பாவம்."

பேர்ணடெற் படி ஏறவில்லை. பாஸ்டருக்குச் சொல்லக்கூட நிற்காமல் ஆட்டோ பிடித்துப் பொலிசுக்குப் போனாள்.

முற்றம் நிறையச் சனம். கையில் கடிதம், அட்டை, பாஸ்போட் கொப்பி என்று பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கிட்டத்துத் திகதியில் எம்பசி வேலை இருக்கிறதென்று காட்டினவர்களை விடுகிறார்கள். மற்றவர்களை ஒரு பக்கமாக இருத்தி வைத்திருக்கிறார்கள். சிவமணி அந்தப் பக்கத்தில், நிலத்தில் குந்தியிருந்தாள். செருப்பில்லை. தலை வாரி இழுக்க நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள். பேர்ணடெற்றைக் கண்டதும் அவள் முகம் இருந்த இருப்பு! தாயைக் கண்ட பிள்ளை அப்படித்தான் பார்க்கும். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் பேர்ணடெற் நேரே மேசையடிக்குப் போனாள்.

கொட்டாஞ்சேனையில் பிறந்தவளுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். சப் இன்ஸ்பெக்டர் இளவயது, தூக்கமில்லாத கண். "மாத்தயா" என்று மரியாதையாகத் தொடங்கி, தான் இன்ன சபையில் பிள்ளைகளுக்குப் பொறுப்பானவள், அந்தப் பிள்ளை தன்னுடைய ரீச்சர், ஒன்றரை வருசமாகத் தெரியும் என்றாள். அவர் சிவமணியின் எம்பசிக் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதில ஜனவரி பதினாலு என்று கிடக்கிறது. டிசம்பரில் இவளுக்குக் கொழும்பில் என்ன வேலை? கொழும்பில் தங்க எடுத்த பொலிஸ் பதிவும் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. மேலிடத்துக்கு அனுப்பப்போகிறோம். அங்கே சொல்லட்டும்."

மேலிடம் என்றால் என்னவென்று அந்தக் காலத்தில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. போனவர்களில் சிலர் மூன்று மாதத்தில் வந்தார்கள். சிலர் வரவில்லை.

பேர்ணடெற் ஹாண்ட்பேக்கின் உள்பையைத் திறந்தாள். துண்டை மேசையில் வைத்தாள். "திகதி மாறிட்டுது மாத்தயா. இவளுக்கு நாளைக்குக் காலை எட்டரைக்கு. எம்பசியிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. இது நம்பர். நீங்களே கேளுங்க." அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நம்பரைச் சுழற்றினார். இரண்டு நிமிசம் கதைத்தார். போனை வைத்துவிட்டு, "இதை முதலே சொல்லியிருந்தால் இவளை விடியவே அனுப்பியிருப்போமே" என்றார். அதையும் கேட்டுக்கொண்டு நிற்கத்தானே வேண்டும். நாலு மணித்தியாலம் அந்தப் பிள்ளை நிலத்தில் குந்தியிருந்தது அதனால்தான்.

சிங்களத்தில் நடந்த இந்தக் கதை சிவமணிக்கு விளங்கவில்லை. வெளியே வந்து, காலி வீதி முடக்கில் தேத்தண்ணிக் கடையடியில் நிறுத்தி, பேர்ணடெற் தன்னுடைய செருப்பைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். அப்போதுதான் சொன்னாள்: "உங்கட இன்டர்வியூ நாளைக்கு மகள். காலம எட்டரைக்கு. போன் வந்தது."

சிவமணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்த நடுத்தெருவில், பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்கு முன்னால், இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"கர்த்தர் எவ்வளவு நல்லவர், அன்ரி! நான் அங்கை இருந்து ஜெபிச்சுக்கொண்டே இருந்தனான். நான் ஜெபிக்கிற நேரம் அவர் அங்கை போன் அடிக்கப் பண்ணியிருக்கிறார். இண்டைக்குக் காலமைதானே வந்தது? சரியான நேரத்துக்கு, பாருங்கோவன்!"

ஓம் என்று ஒரு சொல். அவ்வளவு சொன்னால் போதும். உலகத்தில் ஒருவருக்கும் தெரியவராது. அந்தப் பிள்ளையே வாயில் ஊட்டிவிட்ட பொய், விழுங்கினால் சரி. பேர்ணடெற் வாயைத் திறந்தாள். தான் செய்த வேலைக்கு ஆண்டவருக்குக் கைதட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"இல்ல மகள். வியாழக்கிழமை வந்தது."

"எந்த வியாழன்?"

"போன வியாழன். நான்தான் எடுத்தன். சொல்லல்ல. வேணுமெண்டுதான் சொல்லல்ல."

சிவமணி கையைக் கீழே போட்டாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருவென்றும் பாராமல் கத்தியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவள் குனிந்து செருப்பைக் கழற்றி பேர்ணடெற்றின் காலடியில் சோடியாக வைத்தாள். வெறுங்காலோடு லொட்ஜ் பக்கம் நடந்து போனாள். அன்றிரவு கொட்டாஞ்சேனை வீட்டில் பேர்ணடெற் ரேடியோவும் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை சிவமணி எம்பசிக்குப் போனாள் என்பதைப் பாஸ்டர் வாயால்தான் பேர்ணடெற் அறிந்தாள். சனிக்கிழமை ஒளிவிழாவுக்கு வருவாளோ மாட்டாளோ என்று பேர்ணடெற்றுக்கு ஒரே யோசனை. வந்தாள். முதல் ஆளாக வந்து, செட்டை கட்டி, கிரீடம் குத்தி, அழுததுகளைத் தேற்றி, மறந்ததுகளுக்குத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் சொல்லிக் கொடுத்தாள். பேர்ணடெற்றோடும் கதைத்தாள். "குண்டூசி எங்க, ரீச்சர்?" "இடையர் ரெண்டு பேரையும் முதல்ல விடட்டோ, ரீச்சர்?" அன்ரி என்ற சொல் ஒரு தரமும் வரவில்லை. ஒளிவிழா வெகு சிறப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். சபை வளருது என்று பாஸ்டர் மைக்கில் சொன்னார். பேர்ணடெற் பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாஸ்போட் விசாவோடு கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி.

பேர்ணடெற் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு பின்வரிசையில் இருந்தாள். சிப் வைத்த பைபிள் மடியில். இன்றைக்கு எல்லாம் வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியும். வரட்டும். சாட்சி என்றால் உண்மை சொல்ல வேண்டும், அந்தப் பிள்ளை பொய் சொல்லாது. மூன்று மாடி ஏறிப் போன் செய்தி சொன்ன பேர்ணடெற் ரீச்சர் எப்படிப்பட்டவள் என்று இருநூறு பேருக்கும் தெரியட்டும். பிறகு இந்த மாடிப்படி ஏற முகம் இருக்காது. கொட்டாஞ்சேனையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

சிவமணி மைக்கைப் பிடித்தாள். லொட்ஜைச் சொன்னாள், விடியப்புறத்தைச் சொன்னாள், நிலத்தில் குந்தியிருந்ததைச் சொன்னாள். "அந்த நேரம் எம்பசியில இருந்து சபைக்குப் போன் வந்திருக்கு. பேர்ணடெற் ரீச்சர் அதை எடுத்த கையோட ஓடி வந்து பொலிசில சொல்லி என்னை மீட்டவ. ரீச்சர் இல்லாட்டி நான் இண்டைக்கு இந்த இடத்தில இல்லை."

சபை எழும்பி நின்று கைதட்டியது. எல்லாத் தலையும் பின்னுக்குத் திரும்பியது. பாஸ்டர் "நம்முடைய ரீச்சருக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிப்போம்!" என்று கத்தினார். சின்னதுகள் பேர்ணடெற்றின் கையைப் பிடித்து ஆட்டின. அவள் முன்னுக்கு நடந்துபோய், பைபிளைக் கொடுத்து, கட்டிப்பிடித்து, பன்னிரண்டாவது தரமும் சிரித்தாள். கட்டிப்பிடித்தபோது சிவமணியின் உடம்பு மரமாக நின்றது.

ஆராதனை முடிந்து சனம் இறங்கினபிறகு, மாடிப்படியின் நடுவில் பேர்ணடெற் அவளை மறித்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? அவ்வளவு பேருக்கு முன்னுக்கு, ஏன் பொய் சொன்னீங்க?"

"உங்களுக்காக இல்லை, ரீச்சர்" என்றாள் சிவமணி. "பிள்ளையளுக்காக. நானும் போறன். உங்களையும் வெளியில விட்டினம் எண்டா, அதுகளுக்கு ஆர் இருக்கினம்?"

பேர்ணடெற் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவமணி இரண்டு படி இறங்கினாள். பிறகு நின்று திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நான் ஒண்டு கேக்கட்டோ? இந்த ஒண்டரை வருசத்தில என்னைப் போகாதை எண்டு ஒருதரும் சொல்லேல்லை. அம்மா போ எண்டா. அண்ணா போ எண்டான். பாஸ்டர் நான் போக வேணும் எண்டு முழங்காலில நிண்டு ஜெபிச்சவர். லொட்ஜில பக்கத்து அறை மனுசிகூட எப்ப போறீர், எப்ப போறீர் எண்டுதான் கேட்டவ. நீங்கள் ஒராள்தான் என்னை நிப்பாட்ட நினைச்சிருக்கிறீங்கள். நினைச்சனீங்கள், ஏன் போனை ஒளிச்சனீங்கள்? என்ரை முகத்தைப் பாத்து, போகாதை பிள்ளை எண்டு ஒருக்காச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா..." என்றாள் பேர்ணடெற். "சொல்லியிருந்தா நிண்டிருப்பீங்களா மகள்?"

பொய் சொல்லச் சிவமணி நினைக்கவில்லை.

"இல்லை. போயிருப்பன். ஆனா எனக்காக அழ இஞ்சை ஒராள் இருக்கு எண்ட நினைப்போட போயிருப்பன்."

அதுவரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதே பழகின மனுசி, அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் குந்திவிட்டாள். "போகாத மகள்" என்றாள். "போகாத. என்னை விட்டுட்டுப் போகாத. எனக்கு ஒருத்தரும் இல்ல" என்று வாய்விட்டு, வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். சத்தம் கேட்டு நிலாம் ஹாஜியார் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். சிவமணி மேலே ஏறி வந்து பக்கத்தில் குந்தி அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளும் அழுதாள். ஒருவரை ஒருவர் தேற்றவில்லை.

நத்தாருக்கு இரண்டு நாளைக்கு முன் சிவமணி பிளேன் ஏறினாள்.